வண்டித்தடம் இல்லாத ராஜ்ஜியம்

எங்கள் பக்கத்தில் ஒரு கதைப் புத்தகத்துக்குப் பரிசு கொடுப்பதென்றால்கூட முதலில் வில்லங்கம் பார்ப்பார்கள். நான் கேலி செய்வதாகத் தோன்றலாம். பாதி கேலிதான். மீதிப் பாதி, அந்த அறையில் உட்கார்ந்து நானும் சேர்ந்து வில்லங்கம் பார்த்தவள் என்ற முறையில் சொல்வது.

திருச்செங்கோட்டில் நாங்கள் சில பேர் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். போர்வெல் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிற எங்கள் கடையின் மாடிதான் கூடும் இடம். கீழே கம்ப்ரசரை ஓட்டிப் பார்ப்பார்கள். மாடியில் யாராவது கவிதை வாசித்தால் பாதிதான் காதில் விழும். சில கவிதைகளுக்கு அது நல்லதாகவே அமைந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாவலுக்குப் பரிசு கொடுப்போம். பரிசு என்றால் ஒரு சால்வை, ஒரு கேடயம். ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு காரியம் நடக்கும். சுற்றிலும் இருக்கிற பொறியியல் கல்லூரிகளின் நூலகங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கும். எழுதுகிறவர்களுக்குச் சால்வையைவிட அதுதான் பெரிது.

அந்த வருடம் நடுவர்கள் மூன்று பேர். ஒருத்தி நான். இன்னொருவர் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கூடம் வைத்திருக்கும் ஒரு தம்பி. மாயாஜாலக் கதை என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். மூன்றாமவர் மோகனூரில் இருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தார். இலக்கியம் தெரிந்தவர், நல்ல மனிதர். ஆனால் வேலைக் காலம் முழுக்க வரப்புத் தகராறும் தடத் தகராறும் விசாரித்ததில், எதைப் படித்தாலும் விசாரணை நடத்துகிற புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகையைக்கூட பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

கடைசிச் சுற்றுக்கு வந்த புத்தகம், மூன்று பாகக் கதை ஒன்றின் மூன்றாம் பாகம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு வறண்ட நாடு. அதை இழந்த அண்ணனும் தங்கையும். தங்கைக்கு மட்டும் அடங்குகிற, பறக்கிற யாளி ஒன்று. முதல் பாகத்தில் நாடு போகிறது, இரண்டாம் பாகத்தில் போர், மூன்றாம் பாகத்தில் நாடு திரும்பக் கிடைத்து அண்ணனும் தங்கையும் அதைப் பிரித்துக்கொள்கிறார்கள். எழுதியவள் ராசிபுரம் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பெண். பகலில் ஒரு வங்கியில் வேலை, மீதி நேரத்தில் ராஜ்ஜிய பரிபாலனம்.

அவளை சேலம் புத்தகக் கண்காட்சியில் ஒருமுறை பார்த்தேன். பதிப்பகத்தின் கடையில் நின்று, மூன்றாம் பாகத்தைக் கையில் எடுத்த ஒரு கல்லூரிப் பையனிடம், "இத மொதல்ல படிச்சா ஒண்ணும் புரியாதுங்க. மொத பாகத்துல ஆரம்பிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முதல் பாகத்தைக் கேட்டான். அது தீர்ந்துபோய் வருடக்கணக்காகிறது. மறுபதிப்பு வரவில்லை. அவன் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "படமா வந்தா பாத்துக்கறேங்க" என்று போய்விட்டான். அவள் அந்தப் புத்தகத்தை மற்றவற்றோடு விளிம்பு சேர்த்து நேராக அடுக்கினாள்.

பதிப்பகத்தார் எங்கள் வட்டத்திடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். பரிசு கிடைத்து நூலகங்கள் வாங்கினால் முதல் பாகத்தை மறுபடி அச்சடிப்பார்கள். இல்லாவிட்டால் மூன்றாம் பாகம் கிடங்கிலேயே கிடக்கும். முதல் பாகம் கிடைக்காத கதையின் மூன்றாம் பாகத்தை யார் வாங்குவார்கள்? பாவம், அவள் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் போட்டு எழுதியதை நாங்கள் மூன்று பேர் ஒரு மத்தியானத்தில் உயிரோடு வைக்கவும் செய்யலாம், மண்ணைப் போட்டு மூடவும் செய்யலாம்.

தாசில்தார் முதல் இரண்டு பாகங்களையும் படித்திருக்கவில்லை. மூன்றாம் பாகத்தை அனுப்பியதும் போன் செய்தார்.

"ஏனுங்கம்மிணி, தாய்ப் பத்திரம் இல்லாம கிரயப் பத்திரத்த எப்படிங்க பாக்கறது?"

நியாயமான கேள்விதான். என்னிடம் முதல் இரண்டு பாகங்களும் இருந்தன. இரண்டாம் பாகத்தை அனுப்பட்டுமா என்றேன். "நடுப்பத்திரத்த வெச்சு நான் என்ன பண்ணட்டும்? மொதல்ல மொதல் வரட்டுங்க" என்றுவிட்டார். முதல் பாகம் அப்போது விசைத்தறித் தம்பியிடம் இருந்தது, யாளி வருகிற இடங்களை மறுபடி படிக்க வாங்கிப் போயிருந்தார். எங்கள் பக்கம் தபாலை யாரும் நம்புவதில்லை, பஸ்ஸைத்தான் நம்புவோம். தம்பி புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி, தாசில்தார் பெயரை எழுதி, நாமக்கல் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அங்கே மோகனூர் பஸ்ஸில் மாற்றிவிடச் சொன்னார். மருந்து, டிபன் கேரியர், ஜாதக நகல், எல்லாம் இப்படித்தான் போகும், எல்லாம் போய்ச் சேரும்.

இது சேரவில்லை. தாசில்தார் மோகனூர் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் டீக்கடையில் விசாரித்தார். பஸ்ஸில் வருகிற பார்சல்களை அங்கேதான் இறக்கி வைப்பார்கள். "வந்துச்சுங்க, ஆரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று பதில் வந்தது. யார் என்று கடைக்காரருக்கு நினைவில்லை. நான் தம்பியைத் திட்டினேன். தம்பி கண்டக்டரைத் திட்டினார். என்னிடம் இருந்த ஒரே பிரதி, தேடினாலும் வேறு கிடைக்காது. எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் பேரம் பேசவே பயந்தார்கள்.

அதனால் முடிவெடுக்கும் நாள் வந்தபோது தாசில்தார் மூன்றாம் பாகத்தை மட்டும் படித்திருந்தார். கூட்டம் மோகனூரில் அவர் வீட்டில்தான். அவருக்கு முழங்கால் வலி என்பதால் ஒவ்வொரு வருடமும் கடைசிக் கூட்டம் அங்கேதான் நடக்கும். அவர் மனைவி அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும் போட்டார். சாப்பிட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். அந்தம்மா கதவுக்கு அந்தப்பக்கம் சமையலறைக்குப் போய்விட்டார்.

தாசில்தார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நடை நன்றாக இருக்கிறது, போர்க்களம் நன்றாக இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் முடிவு செல்லாது.

"செல்லாதுன்னா?" என்றார் தம்பி.

"பாகப்பிரிவினையில அண்ணனுக்கு ஆத்துச் சமவெளி பூரா. தங்கச்சிக்கு நடுவால இருக்கற மலையும், ஆறு ரெண்டும் பொறக்கற அந்தச் சுனையும். மலையச் சுத்தி நாலாபக்கமும் அண்ணன் பூமி. தடம் எங்கீங்க?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அவ மலைக்கு எந்த வழியாப் போவா? வண்டித்தடம் உட்டதா ஒரு வரி இல்லீங்களே. தடம் இல்லாத பூமி பூமியே இல்லீங்க. நான் பாக்காத கேசா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒருவர் காட்டுக்குப் போக இன்னொருவர் காட்டின் ஓரத்தில் விடுகிற ஒரு வண்டி அகலப் பாதைதான் தடம். அதற்காகப் பங்காளிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள், அரிவாளைத் தூக்கியிருக்கிறார்கள், ஒரே கோவிலுக்கு வெவ்வேறு நாளில் போய்க் கும்பிட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்கய்யா, அவகிட்ட யாளி இருக்குதுங்களே. மேலயே பறந்து போயிருவா" என்றார் தம்பி.

"யாளி செத்துப்போச்சுன்னா?"

"யாளி சாகாதுங்கய்யா. ஆயிரம் வருசம் இருக்குமுன்னு ரெண்டாம் பாகத்துல சொல்லியிருக்குது."

"ஆயிரத்தி ஒண்ணாவது வருசம் அவ வாரிசுக எதுல போகும்?"

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. யாளி முட்டையிடுமா, குட்டி போடுமா, அந்தக் குட்டி தங்கையின் வாரிசுகளுக்கு அடங்குமா என்று அடுத்த வாக்குவாதம் ஆரம்பமானது. நான் எரிந்து விழுந்தேன். நாவல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிட்டார்களே தவிர, நாட்டுக்குப் பட்டா மாற்றிக் கொடுக்க அல்ல என்றேன்.

"சரி, நீங்க சொல்லுங்கம்மிணி. முடிவு உங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

அங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். எனக்கும் முடிவு பிடிக்கவில்லை. என் காரணம் வேறு. அந்தப் பெண் மூன்று பாகமாக ரத்தம் சிந்திப் போரிடுகிறாள். கடைசியில் விளைகிற மண் எல்லாம் அண்ணனுக்கு, கல்லும் பாறையும் தனக்கு என்று ஒத்துக்கொண்டு மலையேறிப் போகிறாள். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு சார்பதிவாளர் அலுவலகத்து மர பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவின் தோட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போட்டு முடித்ததும் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல புடவைதான், அரக்கு நிறம். நான் அதை ஒருநாளும் கட்டவில்லை. யாளியை அடக்கியவளும் கடைசியில் கையெழுத்துத்தான் போட வேண்டும் என்றால் இவ்வளவு பக்கம் எதற்கு என்று எனக்கு ஆற்றாமை. அதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. "அவ விட்டுக் குடுத்துட்டுப் போறது எனக்குப் பிடிக்கலீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அப்படியானால் இரண்டுக்கு ஒன்று. பரிசு இல்லை. புத்தகங்களை விளிம்பு சேர்த்து அடுக்கிய அந்தப் பெண்ணின் கை என் கண் முன்னால் வந்தது. ஆனால் பரிதாபப்பட்டுப் பரிசு கொடுப்பது அவளை அவமதிப்பது. எனக்குப் பிடிக்காததைப் பிடித்ததென்று சொல்ல வாய் வரவில்லை. தம்பி அழுதுவிடுவார் போல இருந்தார். "அக்கா, கடசிப் பக்கத்த இன்னொருக்கா பாருங்கக்கா" என்று கெஞ்சினார்.

தாசில்தார், தன் கட்சிக்கு அதுவே சாட்சி என்பதுபோல, அந்தக் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார். தங்கை மலை உச்சியில் முதல் இரவைக் கழித்துவிட்டு விடியலில் கீழே பார்க்கிறாள். இரண்டு ஆறுகள் தெரிகின்றன. பனி தெரிகிறது. மேயப் போகிற ஆட்டு மந்தை தெரிகிறது. மலையடிவாரத்தில் ஓரமாக இழுத்துப் போட்ட ஒரு முள்கட்டு தெரிகிறது. அவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"எதுக்குங்க சிரிக்கறா?" என்றார் தாசில்தார். "தடமே இல்லாத பூமிய வாங்கிப்போட்டு எவளாச்சும் சிரிப்பாளா?"

"போதும் நிறுத்துங்க!"

குரல் சமையலறையிலிருந்து வந்தது. பின்னாலேயே அவர் மனைவியும் வந்தார். ஒரு கை காதைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை முந்தானையோடு சேர்த்து ஒரு புத்தகத்தைப் பிடித்திருந்தது. அதன் அட்டை எனக்கு நன்றாகத் தெரியும், ஓரத்தில் கிரீஸ் கறை, எங்கள் கடைக் கறை. என் முதல் பாகம்.

"மத்தியானத்துல இருந்து மூணு பேரும் கத்திக் கத்திக் கதையையே சொல்லிப்போட்டீங்க. அண்ணனுக்கு நாடு கெடைக்குது, இவளுக்கு மலை கெடைக்குது, இனி நான் படிச்சு என்னத்துக்கு ஆகறது? நான் இன்னும் மொத பாகத்துலயே பாதிதான் தாண்டியிருக்கறன்!"

தாசில்தார் கண்ணாடியை இறக்கிப் புத்தகத்தைப் பார்த்தார். "இது… இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"எப்பவோ வந்துருச்சு. டீக்கடையில நாந்தான் வாங்கியாந்தன்."

"நான் ஊரெல்லாம் விசாரிச்சேனே!"

"என்னைய விசாரிக்கலீங்களே."

விஷயம் இதுதான். பார்சலைப் பிரித்துச் சும்மா ஒரு பக்கம் படித்திருக்கிறார். பிறகு விட முடியவில்லை. கணவரிடம் கொடுத்தால் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வார், அப்புறம் கண்ணில் காட்ட மாட்டார். அதனால் அரிசி டிரம்முக்குள் வைத்து, அடுப்பு வேலை முடிந்த நேரங்களில் எடுத்து எடுத்துப் படித்திருக்கிறார். அவர் புத்தகத்தை ஆட்டிப் பேசப் பேச இரண்டு மூன்று அரிசி மணிகள் தரையில் உதிர்ந்தன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது சிரிப்பு.

"எந்த இடத்துல இருக்கறீங்கக்கா?" என்று கேட்டேன். சமாதானத்துக்காகத்தான் கேட்டேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

"அவ சின்னப் புள்ளைங்க. ஆட்டுக்காரங்க மேல கோவம், தோட்டத்த மிதிக்கறாங்கன்னு. தடத்துல முள்கட்டப் போட்டு அடைச்சுப்போடறா. அவ அண்ணங்காரன் தெனமும் விடியால எந்திரிச்சுப் போயி, ஆருக்கும் தெரியாம அந்த முள்ள ஓரமா இழுத்துப் போட்டுட்டு வாரான். இவளுக்கும் தெரியாது. தங்கச்சிய ஆரும் திட்டப்படாதுன்னு."

தாசில்தார் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

நான் அந்தக் கட்டத்தைப் பல வருடங்களுக்கு முன் படித்திருக்கிறேன். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். தம்பி யாளிக்காகப் படித்தவர், அந்தப் பக்கங்களைத் தாண்டியிருப்பார். தாசில்தாருக்கோ புத்தகமே வந்து சேரவில்லை. நான் எழுந்து போய் மூன்றாம் பாகத்தை அவர் கையிலிருந்து வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன். மலையடிவாரத்தில் ஓரமாக இழுத்துப் போட்ட ஒரு முள்கட்டு. நாங்கள் மூன்று பேரும் அதைப் பனி, ஆறு, ஆட்டு மந்தையோடு சேர்த்துக் காட்சி வர்ணனை என்று தாண்டிப் போயிருந்தோம். ராஜாவாகிவிட்ட அந்த அண்ணன் முதல் நாள் விடியலிலேயே தானே எழுந்து வந்து தடத்தைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். யாரும் கேட்கவில்லை, எங்கும் எழுதவில்லை. மேலிருந்து அதைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள்.

என் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சியதைத் தம்பி பார்த்தார், பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது. அவள் எதையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆறுகள் பிறக்கிற சுனையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், வழிக்கு அண்ணனை நம்பியிருக்கிறாள், அவனும் வந்திருக்கிறான். என் சொந்த விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு. ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் பெண்ணின் புத்தகத்தின் மேல் இறக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. இப்படியும் ஓர் அண்ணன் இருக்கலாம் என்று ஒருத்தி இத்தனை வருடம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். படிக்க எனக்கு ஆசையாக இருந்தது.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, "எழுதியிருந்தா இது வராது" என்று அவரே சொன்னார்.

பரிசு மூன்றாம் பாகத்துக்கே என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். தாசில்தார் மட்டும் தன் கையெழுத்துக்குக் கீழே, 'தடம் குறித்த ஆட்சேபணையுடன்' என்று எழுதினார். பரிசளிப்பு அன்று அந்தப் பெண்ணிடம் அதைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டாள். முதல் பாகம் மறுபதிப்பு வந்துவிட்டது. எனக்கும் ஒன்று புதிதாக வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் கிரீஸ் கறை படிந்த பழைய பிரதி திரும்பி வரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் கூட்டம் முடிந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தம்மா வெளிக் கேட் வரை என்னோடு வந்தார். கதை முடிவு தெரிந்துவிட்டதே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை போல என்று நினைத்தேன்.

"முடிவு தெரிஞ்சா என்னங்க, நடுவால என்ன ஆச்சுன்னு தெரியலயே" என்று அவராகவே சொன்னார். "ரெண்டாம் பாகம் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கக்கா. நாளைக்கே பஸ்ஸுல போட்டு உடறேன்."

"அவரு பேருக்குப் போட்டுராதீங்க. என்ற பேருக்குப் போடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே நின்றேன். எத்தனையோ வருடமாக அந்த வீட்டுக்கு வருகிறேன். அவர் கையால் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டில் மாட்டியிருந்த பலகையில் தாசில்தாரின் பெயரும் பட்டமும் மட்டும் இருந்தன. கேட்டேன். சொன்னார். அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, நான் தவறாக எழுதிவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் பார்சலை நீட்டினேன். மேலே தடித்த மார்க்கர் பேனாவால் அந்தப் பெயரைப் பெரிதாகவும், கீழே மோகனூர் வீட்டு முகவரியைச் சிறிதாகவும் எழுதியிருந்தேன். கண்டக்டர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "மோகனூர் தாசில்தார் ஊட்டு அம்மாவுங்களா?" என்றார்.

"பேரு அதுல இருக்குதுங்களே, அவங்களுக்குத்தான்" என்றேன். அவர் இன்னொரு தரம் அந்தப் பெயரை உரக்கப் படித்துவிட்டு, பார்சலை டிரைவர் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.